மாமியார் வெளியே வந்த நாள்

கழுகுக் கிணறு,
திங்கட்கிழமை.

அன்புள்ள கோரலி அக்காவுக்கு,

உன் மகள் டைலா நன்றாக இருக்கிறாள். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. நேற்று கங்காரு வால் சுட்டோம். கொழுப்பைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டாள். அவளோடு அம்மாவும் நானும், அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்காக டல்சி அத்தை நடத்தும் விடுதியில்தான் இருக்கிறோம்.

வியாழக்கிழமை கோர்ட்டில் நீ குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாக வக்கீல் போனில் சொன்னார். ஒப்புக்கொண்டால் சிறையிலிருந்து சீக்கிரம் மகளிடம் வந்துவிடலாமாம். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

செட்ரிக் உன் கையை ஒடித்த பிறகுதான் நீ மறு கையால் உடும்பு தோண்டும் கடப்பாரையை எடுத்தாய். போலீஸ் வந்தபோது புருஷன் தலையில் ரத்தம், உன் கையில் கடப்பாரை. உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் பார்த்தது என்று சார்ஜென்ட் கேட்டார். அம்மா தகரச் சுவருக்குப் பின்னாலிருந்து கேட்டிருந்தாள். பார்த்தவள் நான் ஒருத்திதான். என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் கோர்ட்டில் செட்ரிக் உள்ளே நுழைந்ததும் அம்மா எழுந்து போய்விட்டாள். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது என்பது நம் முறை; அவன் இருக்கும் அறையில் அவள் எப்படி உட்காருவாள்? சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டாள் என்று எழுதிக்கொண்டார்கள்.

டல்சி அத்தை விடுவாளா? கறுப்புப் பெண் கையில் ரத்தம் இருந்தால் போலீஸ் வேறு எதையும் பார்ப்பதில்லை என்று பார்லிமெண்ட் வாசலில் கத்தியவள் அவள். அம்மா வேறு அறையிலிருந்து டிவி வழியாகச் சாட்சி சொல்லலாம் என்று அத்தை கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டாள். செய்தி செட்ரிக் காதுக்கும் போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலிக் கம்பியோடு வந்தான். கம்பிவலைக் கதவை இரண்டே அடியில் பெயர்த்தான். "கிழவி, எங்க குடும்பத்துல உனக்கென்ன வேல? அவ அம்மா பேசினா உன் மண்ட உடையும்" என்று கத்தினான். டல்சி அத்தை வாசலில் உட்கார்ந்து ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை. "மண்டையில இடம் ஏதுடா? உனக்கு முன்னாடி வந்தவனுங்க அடிச்சு முடிச்சுட்டானுங்க" என்றாள். உள்ளே பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. முதல் அடியைக் கையால் தடுத்தாள். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாவது அடி காதுக்கு மேல். மாவெல்லாம் சிவந்துவிட்டது. மறுபடியும் ஓங்கினான்.

அப்போது அம்மா போர்வையால் தலையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். முதுகைக் காட்டியபடி, பின்பக்கமாகவே அவனை நோக்கி நடந்தாள். ஓங்கியவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஓரடி வைத்தால் அவன் ஈரடி விலகினான். முதுகு வேலியில் இடித்ததும் கம்பியைப் போட்டுவிட்டு, சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடினான்.

ரத்தத்தில் கிடந்தபடியே டல்சி அத்தை கத்தினாள்: "மாமியாரக் கண்டா முறை ஞாபகம் வருதோ? பொண்டாட்டி கைய ஒடிக்கும்போது எங்கடா போச்சு அது?" அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அம்மா அன்றிலிருந்து சாப்பிடவில்லை. முறை தவறிவிட்டேன் என்று சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள். செட்ரிக்கின் அக்காமார் தடியோடு வந்து, "மருமகன விரட்டின மானங்கெட்டவளே, வெளிய வாடி" என்று வேலியை அடித்தார்கள். வியாழக்கிழமை அம்மா பேசுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அதே சார்ஜென்ட் வந்தார். யார் பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், உன் கை ஒடிந்த நாளையும் சொன்னேன். நான்கு பக்கம் எழுதிக்கொண்டார். செட்ரிக்கை ஆற்றுமணலில் பிடித்துவிட்டார்கள்.

டல்சி அத்தையை டாக்டர் விமானத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. அவள் பெயரை இந்தக் கடிதத்தில் இத்தனை தடவை எழுதியிருக்கிறேன். கெட்ட செய்தி வந்துவிட்டால், செத்தவர் பெயரென்று அதை நாம் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. இன்றைக்கு எழுதலாம்.

அக்கா, வியாழக்கிழமை கோர்ட்டுக்கு நான் வருகிறேன். அவன் எதிரில் நின்று பேச எனக்கு எந்த முறையும் தடையில்லை. பயம் இருக்கிறது, அதோடுதான் வருகிறேன். உனக்கு அங்கே நல்ல தூக்கம் வரட்டும். வக்கீல் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

உன் தங்கை,
டெலீனா