மூன்றாம் பாகத்தின் முடிவு

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. உன் நோட்டைப் பிரித்தேன். நீ போய் இரண்டு அரவைப் பருவங்கள் முடிந்துவிட்டன. தாள்களில் இன்னும் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் பாகு வாடை அடிக்கிறது. என் நோட்டில் எந்த வாடையும் இல்லை. அலுவலக மேசை இழுப்பறையில் கிடக்கும் நோட்டுக்கு என்ன வாடை வரும்? இதைக்கூட ஒப்பிட்டுப் பார்க்கிறவனாகத்தான் இருக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி இதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். "அண்ணே, இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருப்பாரு. உங்க ரெண்டு பேருக்குந்தான் இது புரியும்" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடைசி மாதத்தில் நீ எத்தனை புத்தகம் படித்திருக்கிறாய் என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு. நெஞ்சுவலியோடு ஏழு. அந்த மாதம் நான் மூன்று.

பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ அதோடு ஐ.டி.ஐ. போய், மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு எடை போடும் மேடைக்கு வந்து சேர்ந்தாய். நான் தமிழில் எம்.ஏ., அதற்கு மேல் எம்.பில். கல்லூரி வேலைக்கு நான்கு நேர்முகத் தேர்வுகளுக்குப் போனேன். நான்கிலும் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இன்றும் பெயரோடு சொல்வேன். கடைசியில் ரிஷிவந்தியம் ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர். இலக்கியம் படித்தவன் நான். ஆனால் ஊர் நூலகத்துக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்தால், நூலகர் கயிற்றை அவிழ்க்கும் முன் உன்னைத்தான் கூப்பிடுவார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

மாதக் கணக்கு எழுதலாம் என்றவன் நீதான். இடது பக்கம் 'படித்தது', வலது பக்கம் 'அடுத்தது'. முதல் ஞாயிறு பேருந்து நிலையத்து டீக்கடையில் நோட்டுகளை மாற்றிக்கொள்வோம். கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில், ஒன்று மேடையை விட்டு இறங்கி அடுத்தது ஏறுவதற்குள், நீ நின்றபடியே மூன்று பக்கம் படித்துவிடுவாய். அப்படியே மாதம் எட்டு, ஒன்பது. எனக்கு மின்விசிறி, நாற்காலி, ஐந்து மணிக்கு மேல் முழு மாலையும் இருந்தன. நான்கைத் தாண்டவில்லை. அந்த நான்கில் ஒன்று, முன்னுரையை மட்டும் படித்துவிட்டு எழுதியதாக இருக்கும்.

'அடுத்தது' பக்கத்துக்கு நீ ஒரு விதி வைத்திருந்தாய். "ஒண்ணு கனமா இருக்கணும், ஒண்ணு லேசா. ஒண்ணு தெரியாத ஆளு எழுதினது. ஒண்ணு நமக்குப் புடிக்காதது" என்பாய். பிடிக்காததை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டேன். "புடிச்சதயே படிச்சிக்கினு இருந்தா நம்ம மூஞ்சியயே கண்ணாடில பாத்துக்கினு இருக்கற மாரிடா." இரண்டு பட்டங்கள் வாங்கிய எனக்கு இது தோன்றவில்லை. மறு மாதத்திலிருந்து உனக்குச் சொல்லாமலே நானும் அந்த விதிப்படிதான் பட்டியல் போட்டேன்.

அந்த மூன்று பாக நாவல் உனக்கு நினைவிருக்கும். நிலத் தகராறில் அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். தம்பி காத்திருக்கிறான். முதல் இரண்டு பாகங்களை இருவரும் முடித்திருந்தோம். மூன்றாம் பாகம் யாரிடமோ போய் மாதக்கணக்கில் திரும்பவில்லை. ஒரு புதன்கிழமை மாலை நான் போனபோது, அது திரும்பி வந்து மேசைமேல் கிடந்தது. என் நூலக அட்டையில் ஏற்கெனவே முழு அளவுக்குப் புத்தகங்கள் இருந்தன. விட்டுவிட்டு வந்தால் மறுநாள் நீ எடுத்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை உன் இடது பக்கத்தில் அது இருக்கும்.

சுற்றிலும் பார்த்துவிட்டு அதைக் கொண்டுபோய்க் கரும்புச் சாகுபடிப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகினேன். அந்த அலமாரிப் பக்கம் நீ தலைவைத்துப் படுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். "நாள் பூரா கரும்பத்தான் பாக்கறேன், அத புஸ்தகத்துல வேற பாக்கணுமா" என்று நீயே சிரித்திருக்கிறாய். அடுத்த வாரம் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஞாயிறு முந்திக்கொண்டது. என் நோட்டில், படிக்காமலே, 'மூன்றாம் பாகம், நூலகத்திலேயே உட்கார்ந்து முடித்தேன்' என்று எழுதிவிட்டேன். கேட்டால், அன்றே வேறு யாரோ எடுத்துப்போய்விட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று டீக்கடையில் நிற்காமல் உன் மொபெட்டில் கோமுகி அணைக்குப் போனோம். கரையில் உட்கார்ந்ததும் கேட்டாய்.

"முடிவ சொல்டா. எனக்கு எப்பக் கெடைக்குமோ."

கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே நான் கதையைக் கட்டினேன். பல வருடம் கழித்து அண்ணன் ஊருக்கு வருகிறான். வீட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே தம்பி தன் மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிறான். அண்ணனின் பெயரைத்தான் மகனுக்கு வைத்திருக்கிறான். அதைக் கேட்டுவிட்டு அண்ணன் வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறான்.

"கதவத் தட்டவே இல்லியா?"

"இல்லை."

"வூட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு?"

"ஆமாம்."

கையில் எடுத்த கல்லை நீ அப்படியே கீழே வைத்தாய். தண்ணீரில் ஒரு கல்லைக்கூட எறியவில்லை. உன்னை வாயடைக்க வைத்த ஒரே நாள் அதுதான். திரும்பும்போது மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து மனதுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் உன் வலது பக்கத்தில் 'மூன்றாம் பாகம்' என்று இருக்கும். "இந்த மாசமும் கெடைக்கலடா" என்பாய். நான் உச்சுக்கொட்டுவேன். ஒருமுறை மட்டும் பயந்துபோனேன். 'பிடிக்காதது' என்ற இடத்தில் நீ 'கரும்பு நோய்கள்' என்று எழுதியிருந்தாய். உன் விதி உன்னை அந்த அலமாரிக்கே கொண்டுபோய்விட்டது. மறுநாளே ஓடிப் போய்ப் பார்த்தேன். புத்தகம் நான் வைத்த இடத்தில், வைத்த மாதிரியே இருந்தது. நிம்மதியாகத் திரும்பினேன். எடுத்துப் படிக்கவும் தோன்றவில்லை. நான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் அது உன் கைக்குப் போய்விடும் அல்லவா?

உன் கடைசிப் பக்கத்திலும் அதே வரிதான். அடுத்தது: மூன்றாம் பாகம். அதைப் பார்த்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போய்க் கரும்புப் புத்தகங்களை விலக்கி அதை வெளியே எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஆலையின் எடைச்சீட்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. தேதி பழையது. நாம் அணைக்குப் போன அதே வருட அரவை. பின்பக்கம் உன் குண்டுக் கையெழுத்து.

'இதில் அண்ணன் கதவைத் தட்டிவிடுகிறான். அவன் சொன்ன முடிவுதான் நல்ல முடிவு.'

கரும்பு அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டே அந்த இரண்டு வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. எடுத்துப் படித்து, அதே இடத்தில் திருப்பிச் செருகிவிட்டு, அத்தனை வருடமும் 'இன்னும் கிடைக்கவில்லை' என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாய். என்னைக் காப்பாற்றினாயா, வைத்து விளையாடினாயா? நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? அந்தச் சீட்டை என்னைத் தவிர வேறு யாரும் எடுக்கமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். என் எழுத்தைப் பற்றி, என் கற்பனையைப் பற்றி ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொன்னவன் நீ ஒருவன்தான். அதையும் நேரில் சொல்லாமல் போய்விட்டாய். நான் செய்த துரோகத்தில்கூடப் பெரிய மனிதன் என்ற பெயரை நீ தட்டிக்கொண்டு போய்விட்டாய். இதற்காக உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை.

புத்தகத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுகிறேன். மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது. அந்த முடிவைப் படித்தால், நீ எழுதியது உண்மையா, என்மேல் இரக்கப்பட்டு எழுதியதா என்று தெரிந்துவிடும். அதனாலேயே இன்னும் படிக்கவில்லை.

இப்போது என் நோட்டைத் திறந்து இந்த மாதத்துக்கான பட்டியலை எழுதுகிறேன். கனமாக ஒன்று. லேசாக ஒன்று. தெரியாத ஆள் எழுதியது ஒன்று. பிடிக்காதது ஒன்று. கீழே, போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் எழுதிய அதே வரி: மூன்றாம் பாகம்.

போன புதன்கிழமை மாலைகூட அந்த அலமாரி வரைக்கும் போனேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.