பைன் என்றால் மரமில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா? நான் சுகம்.

நேற்று மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் என் மானம் போயிற்று. பழைய ஆங்கில நாவலொன்றில், கணவன் தூரதேசம் போனதும் மனைவி 'பைன்' செய்தாள் என்று ஒரு வரி. நான் பைன் மரத்தை நினைத்து, 'மரம்போல் நின்றாள்' என்று எழுதிவிட்டேன். மேலாளர் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மரமில்லடி, அது வினைச்சொல்லு. ஒருத்தரை நினைச்சு ஏங்கி ஏங்கியே உடம்பு இளைச்சுப் போறதை அந்தக் காலத்துக் கதைகள்ல அப்படித்தான் எழுதுவாங்க. நீ யாரையாவது நினைச்சு ஏங்குறியா?"

"நான் நல்லாத்தான் சாப்பிடுறேன்க்கா" என்றேன்.

அம்மா, எனக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால் பழைய அளவு வேண்டாம். இரண்டு பக்கமும் நன்றாகப் பிடித்துத் தைக்கச் சொல். இங்கே நடை அதிகம், வேறொன்றுமில்லை.

பஸ் வந்துவிட்டது.

உன் சின்னவள்