என் பாட்டுக்கு என் பெயர்

ஜூன் 3, 2024, திங்கள்
மண்டியில் இன்று நெல் வரத்து அதிகம். கணக்கு எழுதி முடித்து வீட்டுக்கு வந்தால் பங்குக் கோயில் ஃபாதரிடமிருந்து போன். சாவு வீடுகளில் பாடுகிறார்களே, என் பாட்டு, அது மறைமாவட்டப் பாடல் புத்தகத்தில் சேர்கிறதாம். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனைக் கம்ப்யூட்டரில் அடித்து இருபதாம் தேதிக்குள் கொடுத்தால் இயற்றியவர் பெயர் போடுவார்கள். இல்லாவிட்டால் ‘பழம்பாடல்’. “இதுலயாவது உன் பேர் வரட்டும்மா ஷோபனா” என்றார்.

கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஐந்து கோடு இன்னும் ஞாபகம் இருக்கிறதா எனக்கு?

ஜூன் 5
நோட்டேஷன் எழுதும் ஆப் ஒன்றை மொபைலில் இறக்கினேன். நாலு வரி அடித்ததும் பணம் கட்டு என்கிறது. இன்னொன்றில் உலகத்து வாத்தியம் எல்லாம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. மூன்றாவது இலவசம், ஆனால் கம்ப்யூட்டர் வேண்டும். நம் பழைய லேப்டாப்பில் ஏறுமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். “ஏறும். உன்ன மாதிரியே மூச்சு வாங்கும்” என்றார்.

ஜூன் 9, ஞாயிறு
மூன்றாவதையே வைத்துக்கொண்டேன். நான் பாட்டு வாசிக்கிற கீபோர்டின் ஒயர் லேப்டாப்பில் பொருந்தவில்லை. ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, எந்தக் கட்டை என்று பார்த்து, மவுஸால் புள்ளி வைத்தேன். ஒரு சரணத்துக்கே கழுத்து பிடித்துக்கொண்டது. நான் குழைத்துப் பாடுகிற இடத்தை அது துண்டு துண்டாக வெட்டிக் காட்டுகிறது. ஏன்டி உனக்கு இந்த வேலை?

ஜூன் 15
கரண்ட் போச்சு. சேவ் பண்ணல. ரெண்டாம் சரணம் மொத்தமும் போச்சு — உட்கார்ந்து அழுதேன்.

“பேர் வந்தா இன்னா, வராட்டி இன்னா?” என்றார் அவர். எனக்கு வேணும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்கு அந்தப் பேர் வேணும்.

ஜூன் 19
அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டேன். தூங்கி வழிகிறது. கம்ப்யூட்டர் பாடினால் அப்படித்தான் போல.

ஜூலை 13, சனி
திண்டிவனத்தில் புதுப் புத்தகப் பாடல்களுக்கு ஒத்திகை. பல ஊர்ப் பாடகர் குழுக்களும் வந்திருந்தன. பயிற்சியாளர் எழிலன் சார் என் தாளை வைத்துத் தொடங்கினார். முதல் வரியிலேயே பெண்கள் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. ஆண்களுக்கும் அவ்வளவு கீழே இறங்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். “யாருங்க இத எழுதுனது?” என்றார் சார்.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெள்ளைக் கட்டைகளில்தான் விரல் ஓடும். அதனால் கீபோர்டில் சுருதியை உயர்த்துகிற டிரான்ஸ்போஸ் பட்டனை நாலு ஏற்றி வைத்துவிட்டு வாசிப்பேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். விரல் பட்ட கட்டையை எழுதினேன். பட்டன் ஏற்றியதை எழுதவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். ஒத்திகைத் தாளில் பெயர் இல்லை, அங்கே என்னை யாருக்கும் தெரியாது. எழுந்து நின்றேன். “நான்தான் சார். என் தப்பு. நாலு ஏத்திக்குங்க.”

ஏற்றிப் பாடினார்கள். இத்தனை குரல்களில் என் பாட்டை நான் கேட்டதே இல்லை. முடிந்ததும் அவலூர்பேட்டைக் குழுவிலிருந்து ஓர் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க நைனாவ எடுத்தப்போ இதத்தாம்மா பாடுனோம். அந்தக் காலத்துப் பாட்டுன்னு நெனச்சினு இருந்தோம். நீயா போட்டது?”

ஆமாம் என்றேன். எங்கள் ஊர் செஞ்சி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததே தெரியவில்லை.