ஏழாம் எண் பூட்ஸ்

மார்ச் 2

மகளின் பள்ளி ஷூ மறுபடி சின்னதாகிவிட்டது. வாங்கி ஒரு பருவம்கூட ஆகவில்லை. "இப்படியே போனா உனக்கு ஷூ வேண்டாம், ரெண்டு படகு வாங்கி மாட்டி விட்டுடலாம்" என்றேன், போன தடவை சொன்ன அதே ஜோக்கை. அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் இதையே போட்டுக்கொள்கிறேன் என்றாள். இந்தப் பாதம் யார் கொடுத்த சீதனம் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் நிஜமாகவே ஒரு கடைக்குப் போனோம். கொழுந்தன் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி ஏரியில் நிறுத்தியிருக்கிறான். படகு இழுக்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்க வேண்டுமாம். வேக்போர்டு. பலகை வந்துவிட்டது, அதில் திருகி மாட்டும் பூட்ஸ்தான் பாக்கி. ஆடப்போவது நான், மகள், கொழுந்தன் மனைவி. மூன்று பேருக்கும் ஒரே ஜோடி.

கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். மாறி மாறிப் போடுவதென்றால் முனை திறந்த பூட்ஸ் நல்லது, விரல் வெளியே நீட்டிக்கொள்ளும், அளவு முன்னே பின்னே இருந்தாலும் தாங்கும். முனை மூடியது விரலுக்குப் பாதுகாப்பு, ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். விரல் நுனி உள்ளே லேசாகத் தொடலாம், மடங்கக் கூடாது.

திறந்த முனையில் ஓரகத்தியின் விரல்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். என் விரல்கள் தெருவுக்கே வந்துவிடும். மூடியதையே கொடுங்கள், அடிபடாமல் இருக்கும் என்றேன்.

அளவு கேட்டார். ஓரகத்தி ஏழு என்றாள். என் வாய் தானாகவே "எனக்கும் அதான்" என்றது. அளவுப் பலகையில் ஏறி நிற்கச் சொன்னார். என் கால் எனக்குத் தெரியாதா என்று சிரித்து மழுப்பினேன். வீட்டில் என் செருப்பில் ஒன்பது என்று போட்டிருக்கிறது. அது மகளுக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளும் "ஏழு" என்றாள்.

நல்ல பிள்ளை. என் மானத்தைக் காப்பாற்றினாள்.

மார்ச் 10

ஏரி. காலை வெயில், நல்ல காற்று.

பூட்ஸுக்குள் சோப்புத் தண்ணீரை ஊற்றினால் எந்தக் காலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. யார் கண்டுபிடித்தாரோ, நன்றாக இருக்கட்டும். படகுத்துறையில் நான் காலைத் திணித்த திணிப்பில் கொழுந்தன், "அண்ணி, பலகை ஒடஞ்சிடப் போகுது" என்றான். உள்ளே விரல்கள் நெரிசல் பேருந்தில் நிற்பவர்கள்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. வெளியே நான் சிரித்த முகம்.

ஐந்தாறு தடவை விழுந்தேன். ஓரகத்தி மூன்றாவது முயற்சியில் எழுந்து நின்றுவிட்டாள். அவள் உடம்பே அப்படி. நான் அவளுக்கு மூத்தவள் என்பதைத் தவிர எதிலும் முந்தியதில்லை.

மகள்தான் ஆச்சரியம். முதல் தடவையே எழுந்துவிட்டாள். ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்து, மூச்சு வாங்க, "இன்னொரு ரவுண்டு" என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பெண் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. திரும்பி வரும்போது காரிலேயே தூங்கிவிட்டாள்.

மார்ச் 11

இடது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. அடர் சிவப்பில் நகப்பூச்சு வைத்தேன். சரியாகப் போயிற்று.

மார்ச் 19

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் இன்று ஒரு கிரேன் ஓட்டுநர். கண் பரிசோதனைக்கு உட்கார வைத்தால் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். சந்தேகம் வந்து அட்டையை மாற்றினேன். மூன்றாவது வரியிலேயே தடுமாறிவிட்டார். காத்திருந்தபோது எழுத்துகளை மனப்பாடம் செய்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். "கண்ணு தெரியலன்னு சொல்றதுல என்னங்க வெக்கம்? உங்க கண்ணுகிட்டயே பொய் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்குக் கண்ணாடிச் சட்டம் எடுத்துக் காட்ட எழுந்தபோது பெருவிரல் விண்ணென்று தெறித்தது. நொண்டாமல் நடந்தேன். எனக்கு வாய் மட்டும் குறைச்சலே இல்லை.

மார்ச் 24

மூன்றாவது ஞாயிறு. முதுகுவலி என்று சொல்லிக் கரையில் உட்கார்ந்துவிட்டேன். மகளும் சித்தியும் மாறி மாறி ஆடினார்கள். மகள் இப்போது படகு கிளப்பும் அலைமேல் ஏறிக் குதிக்கிறாள். கொழுந்தன் அவளைப் போட்டியில் சேர்க்கலாம் என்கிறான்.

பூட்ஸைக் கழற்றியதும் அவள் உடனே துண்டைக் காலில் சுற்றிக்கொள்கிறாள். குளிர் என்றாள். அப்படி ஒன்றும் குளிர் இல்லை.

மார்ச் 28

இந்தப் புழுக்கத்தில் மகள் வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறாள். நானும்தான். "அம்மாவும் பொண்ணும் சேர்ந்து என்ன புதுசா யூனிஃபார்மா?" என்று அவர் கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டு ஆளுக்கொரு அறைக்குப் போய்விட்டோம்.

ஏன் சாக்ஸ் என்று அவளை நான் கேட்கவில்லை. கேட்டால், நீ ஏன் என்று கேட்பாள்.

மார்ச் 31

 இன்றே எழுதிவிட வேண்டும்.

அலைமேல் ஏறிக் குதித்தாள். பலகை மூக்குக் குத்தி இறங்கியது. தண்ணீரிலிருந்து வந்த சத்தம் அவளுடையது என்றே எனக்கு முதலில் புரியவில்லை. படகில் தூக்கிப் போட்டபோது வலது கால் பூட்ஸ் கழலவில்லை. சோப்புத் தண்ணீரை ஊற்றினோம். இழுத்தால் கத்துகிறாள். கடைசியில் கொழுந்தன் கயிறு வெட்டும் கத்தியால் பூட்ஸை அறுத்தான். உள்ளே பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து, அடுத்த விரல் வீங்கி —

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். இரண்டாவது விரலில் எலும்பு விரிசல். மருத்துவர் காலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் கணுக்களில் காய்ப்பு, பழைய கன்றல், மடங்கியே நிற்கும் விரல்கள். "இது இன்னைக்கு ஆனது மட்டும் இல்ல. ரொம்ப நாளா சின்ன ஷூ போடுறாளா? என்ன சைஸ்மா உனக்கு?"

அந்த வலியிலும் அவள் "ஏழு" என்றாள்.

மருத்துவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் ஓரகத்தி நின்றிருந்தாள். நான் என்ன சொன்னேன்? "ஆமா டாக்டர், ஏழுதான்."

பெற்ற பிள்ளையின் கால் அங்கே கிழிந்து கிடக்கிறது. ஓரகத்தி என்ன நினைப்பாளோ என்று எனக்கு. என்ன பொம்பள நான்? என்ன ஜென்மம்? அந்த டாக்டர் என்னை அறைந்திருக்கலாம். அவர் நாகரிகமானவர், ஒன்பதுக்குக் குறையாது என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கட்டுப் போட ஆரம்பித்தார்.

ஏப்ரல் 1

மகள் கட்டிலில், கால் தலையணைமேல். நான் தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றி என் விரலைக் காட்டினேன். நகப்பூச்சைத் துடைத்துவிட்டுத்தான் போனேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "உனக்கும் வலிச்சுதா?" என்றாள். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. 

ஏன்டா சொல்லவில்லை, பள்ளி ஷூ இவ்வளவு கடிக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீதானேம்மா படகு வாங்கணும்னு சொன்ன."

"அது விளையாட்டுக்கு..."

"தெரியும். நானும் சிரிச்சேனே."

 பள்ளியில் எனக்கு வாத்து என்று பெயர். அந்தப் பெயர் வைத்தவளை இன்றும் மன்னிக்கவில்லை நான். அவளுக்காவது அப்போது பத்து வயது. எனக்கு என்ன வயது?

மகள் பழைய ஷூவிலிருந்தே, ஆறு மாதமாக, உள்ளே விரலை மடக்கியே நடந்திருக்கிறாள். நான் தினமும் வாசலில் நின்று கையசைத்து அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 3

அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். படகு ஜோக்குக்கு நானும்தானே சிரித்தேன் என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் மகள் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

ஏப்ரல் 7

ஓரகத்தி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். ஒன்பது என்பதையும், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும். எப்படிப் பார்ப்பாளோ என்று அடுப்பைத் துடைத்துக்கொண்டே பேசினேன்.

 "அக்கா, எனக்கு எட்டு" என்றாள் அவள்.

நான் திரும்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஏழாக இருந்ததாம், பிள்ளை பெற்றபின் கால் பெரிதாகிவிட்டதாம், ஒத்துக்கொள்ள மனசு வரவில்லையாம். கடையில் தான் முதலில் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று அழுதாள்.

ஆக, எங்கள் வீட்டில் ஒருவர் காலுக்கும் பொருந்தாத ஒரு ஜோடி பூட்ஸை வாங்கி வைத்திருந்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூசியது.

ஏப்ரல் 20

மகளுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. வீட்டுக்குள் நடக்கிறாள். இன்னும் சாக்ஸோடுதான்.

மே 5

கிரேன் ஓட்டுநர் கண்ணாடியை வாங்க இன்றுதான் வந்தார். போட்டுக்கொண்டு வாசல் வழியாகத் தெருவைப் பார்த்தபடியே நின்றார். அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று மன்னிப்புக் கேட்டேன். "நீங்க அன்னைக்குத் திட்டலன்னா நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றார். எனக்கு இன்னும் கூச்சமாகப் போயிற்று.

மே 25

மறுபடி ஏரிக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் கேட்டுக்கேட்டு வாங்கிய அனுமதி. பூட்ஸ் வாங்க மூன்று பேரும் அதே கடைக்குப் போனோம்.

கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார், எதையும் கேட்கவில்லை. நான் கேட்டேன்: அளவுப் பலகை எங்கே? ஓரகத்தி முதலில் ஏறினாள். எட்டு. அடுத்து மகள். சாக்ஸைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். குதிகாலைப் பின்னால் ஒட்டி வைத்து நின்றாள். கடைக்காரர் குனிந்து பார்த்து, ஒன்பது என்றார்.

அவள் விரல்களை மடக்கி வைத்திருந்தாள். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

மடக்காதே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. என் வாயை நான் இனி நம்புவதாக இல்லை. செருப்பை உதறிவிட்டு அவள் பக்கத்தில் என் காலை வைத்தேன், பாதி வளர்ந்த நகத்தோடு, விரல்களை முழுசாக விரித்து. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். காது சுட்டது. காலை எடுக்கவில்லை.

மகள் என் காலைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக நீட்டினாள். அடிபட்ட விரல் கடைசியில்தான் நீண்டது.

"பத்து" என்றார் கடைக்காரர். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முனை திறந்த பூட்ஸ் வாங்கியிருக்கிறோம். நாளைக்கு ஏரி. அவளே பையை எடுத்து வைத்தாள். சோப்புப் புட்டியை வெளியே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.