விளம்பரம் வரக்கூடாத சொற்கள்

அம்பிட்டிய,
27.07.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகமாக இல்லை. லண்டனில் நீங்கள் சுகமா என்று கேட்கவும் எனக்கு இப்போது மனம் வரவில்லை. நான் எடுக்கிற கோலுக்கு நீங்கள் பதில் சொல்வதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. தபாலில் போடவும் பயம். நெட் கடை மர்சூக் நானாவின் மச்சான் நாளைக்கு லண்டன் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பாதி படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மச்சானை இன்னும் விடவில்லை. பிடித்துக்கொண்டு போய் இரண்டு கிழமை ஆகிறது. ஒரு தடவைதான் பார்க்க விட்டார்கள். இடது கண் வீங்கிக் கிடந்தது. கேட்டால் வழுக்கி விழுந்தாராம். பக்கத்தில் பொலிஸ் ஆள் நின்றதால் நானும் நம்பினமாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியாதவர்போல் போனில் கேட்டீர்களே, அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. அன்று காலை அவரை அவசரப்படுத்தியது யார்? தலதா மாளிகைப் பெரஹெரா ஊர்வலம் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் ரூம் தேடுகிற நேரம், கூகிளில் நம்ம ஹோட்டல் விளம்பரம்தான் முதலில் தெரிய வேண்டும் என்றீர்கள். ஆனால் குண்டு, சண்டை என்று தேடுகிறவனுக்கு அது தெரியவே கூடாது, அவன் அதை அமத்தினால் நமக்கு வீண் செலவு, ஹோட்டலுக்கும் பெயர் கெடும் என்றீர்கள். அப்படி வரக்கூடாத சொற்களை எல்லாம் போட்டு, விளம்பரம் தெரிகிறதா என்று பார்த்து இன்றைக்கே சொல் என்றீர்கள். வீட்டில் அன்றைக்கு நெட் லைன் இல்லை. நாளைக்குப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று சொல்லி, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மர்சூக் நானா கடைக்கு ஓடினார்.

அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார். கண்டி குண்டு. பெரஹெரா குண்டு. தலதா மாளிகை தாக்குதல். ஐயோ, அடையாள அட்டையில் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து விலாசம் போட்ட ஒரு தமிழன், அதுவும் இந்த நேரத்தில்! அவருக்கு அது வெறும் வேலை. சோறு வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்க்கிறமாதிரித்தான் பார்த்திருக்கிறார். பக்கத்துக் கதிரையில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் போன் பண்ணிவிட்டான்.

கணக்கு வாத்தியாராக இருந்த மனுஷனை, வாத்தியார் வேலையில் என்ன இருக்கிறது, இந்தத் தேடல் விளம்பரம் கற்றவன் எங்கேயும் பிழைப்பான் என்று இழுத்துவிட்டது நீங்கள். அவரும் ஆசைப்பட்டார், பொய் சொல்லமாட்டேன். தோட்டத்துக்குப் போனால் மாமியிடம்கூட, நீங்கள் வெள்ளைக்காரியாக இருந்தால் கண்டியில் முதலில் எதைத் தேடுவீர்கள் என்று கேட்பார். கக்கூஸைத்தான் என்று மாமி சொல்ல, அதையும் யோசித்துப் பார்த்தார். அவ்வளவு பைத்தியம் அந்த வேலையில்.

பொலிஸில் கேட்பது ஒரே கேள்வி, யார் தேடச் சொன்னது என்று. அவர் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. வெளிநாட்டுத் தமிழன் என்றாலே புலிக்குக் காசு அனுப்புகிறவன் என்பார்கள், பிறகு நீங்கள் ஊர்ப்பக்கமே வரமுடியாது என்று நினைத்து, சும்மா பொழுதுபோகத் தேடினேன் என்றிருக்கிறார். பொழுதுபோக! அந்தக் கண் அதற்குக் கிடைத்ததுதான்.

சட்டத்தரணி நவரட்ணராஜா ஐயா சொல்லி ஹோட்டலுக்குப் போனேன். எங்கள் விளம்பரத்தை லண்டனில் வெள்ளைக்காரர்கள் செய்கிறார்கள், கண்டியில் எங்களுக்கு யாரும் இல்லை என்று மனேஜர் என்னை வாசலோடு அனுப்பிவிட்டார். உங்களிடம் கேட்டதற்கு நீங்கள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"கொஞ்சம் பொறு தங்கச்சி. ஹோட்டல் பக்கம் மட்டும் போயிராத. அவங்ககிட்ட வெள்ளக்காரங்கதான் செய்றாங்கன்னு சொல்லி வாங்குன வேல அது."

அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. வெட்கமாக இல்லையா அண்ணே? சொந்தமும் இல்லாத மர்சூக் நானா பொலிஸுக்குப் போய், இவர் நல்ல மனுஷன், வேலைக்காகத்தான் வருவார் என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போது அவர் கடையையும் மூடிவிட்டார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அந்த மனுஷன்.

பெரஹெரா தொடங்குவதற்குள் உங்கள் மச்சானைக் கொழும்புக்கு மாற்றிவிடப் பார்க்கிறார்களாம். மாற்றிவிட்டால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம் என்கிறார் ஐயா. அவர் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் நான் திறப்பேன். வெள்ளிக்கிழமை உங்கள் பெயர், நம்பர், ஹோட்டல் பெயர் எல்லாவற்றையும் ஐயாவிடம் கொடுக்கப்போகிறேன். ஆனால் நான் சொன்னால் புருஷனுக்காகக் கட்டின கதை என்பார்கள். நீங்களாகச் சொன்னால்தான் எடுபடும்.

ராஜரத்தினம் என்னிடம் வேலை செய்கிறவர், அந்தச் சொற்களைத் தேடிப் பார்க்கச் சொன்னது நான் என்று ஐயாவுக்கு ஃபெக்ஸ் அனுப்புங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். ஹோட்டல் வேலை போனால் போகட்டும்.

உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். வேலை முடிந்து அவர்களுடைய அப்பா தினமும் வீடு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கச்சி புஷ்பராணி