ஈரல் பிஸ்கட்

ஜூன் 9, 1996. ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குடை பஸ்ஸிலேயே போய்விட்டது. புலாவ் செபாங் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு நடை.

கொண்டு போன சோறு பிளாஸ்டிக் பை கிழிந்து பஸ்ஸில் கொட்டியது. கருவாட்டு வாடை. கண்டக்டர் கத்தினான். "அங்கிள், இது பஸ்லா, சாப்பாட்டுக் கடை இல்ல." நாய்க்கு என்று சொல்லியிருந்தால் இறக்கியே விட்டிருப்பான்.

லயத்தில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கதவு, ஜன்னல் எல்லாம் கழற்றியாகிவிட்டது. தோட்டத்தை விற்று எங்களை பாயா ரும்புட் வீடுகளுக்கு அனுப்பியபோது, நாய் கொண்டு வரக் கூடாது என்று தீர்மானம் போட்டது யார்? மலாய்க்காரர்களா? இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம்ம கோயில் கமிட்டித் தலைவர்தான். "புது எடம். டீசண்டா இருக்கணும்." அவர் நாயும் இங்கேதான் எலும்பும் தோலுமாகத் திரிகிறது. அதற்குப் பேர் பிரின்ஸ்.

நாய்கள் ரப்பர் காட்டுக்குள் பதுங்கிக் கிடக்கின்றன. சர்வே ஆட்களைக் கண்டால் ஓட்டம். நான் பெரட்டுக் களத்தில் நின்று ரப்பர் பால் வாளியைத் தட்டினேன். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டுக்கு எங்களோடு வந்து பழகிய நாய்கள். ஒவ்வொன்றாக வந்தன. என் டைகர் முதலில் வரவில்லை. தூரத்தில் நின்று, நான்தானா என்று பார்த்துவிட்டு வந்தது. கோபம் அதற்கு. இருக்காதா?

எங்களை வேலை வாங்கிய மண்டோர் ராமையா தோட்டத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காவலுக்கு அவனை மட்டும் கம்பெனி வைத்திருக்கிறது. "நா கூப்புட்டா ஒண்ணும் வராதுண்ணே. ஒங்களுக்கு மட்டும் எப்புடி?" வாளி தட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நல்ல சேதி ஒன்று. காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் சீனன் ஆ செங், டைகரை எடுத்துக்கொள்கிறானாம். வேலி அடித்து முடிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு லோரியோடு வருவான். அதுவரை உயிரோடு இருந்தால் போதும்.

ஜூன் 11, செவ்வாய்

வெயில். ஜாகா வேலை, அதான் வாட்ச்மேன் வேலை, முடிந்து பசாரில் கோழி ஈரல் வாங்கினேன்.

சோறு இனி வேண்டாம். பிஸ்கட்தான். கெடாது, கொட்டாது, வாடையும் அடிக்காது.

ஈரல் வேகவைத்து அரைத்தது, ஆட்டா மாவு, முட்டை ஒன்று, நெத்திலிப் பொடி. உப்பு கூடாது.

முதல் தட்டு கரி. இரண்டாவது பரவாயில்லை. கல் மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் கடித்துக்கொண்டு இருக்கும்.

சரசு அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஒரு தேத்தண்ணி கலந்து குடுத்ததில்ல. நாய்க்கு பிஸ்கட்டு!" உண்மைதான். அவள் தீபாவளி கேக்குக்காகச் சீட்டுப் பிடித்து வாங்கிய ஓவன். வீடு முழுக்க ஈரல் நாற்றம். தீபாவளிக்குள் போய்விடும்.

ஜூன் 12, புதன்

மத்தியானம் போனேன். பிஸ்கட் அமோகம். பிரின்ஸ் மூன்று விழுங்கிற்று. தலைவரிடம் சொல்ல வேண்டும், சொல்ல மாட்டேன். டைகர் வாங்கிக்கொண்டு போய்த் தனியாகப் படுத்துத் தின்றது. காதில் உண்ணி. பிடுங்கினேன்.

ராமையா முகம் சரியில்லை. "சர்வே பண்ற ஆளுங்க பயப்படுறாங்களாம். நாய்ங்கள என்னா பண்ணப் போறன்னு ஆபீஸ்ல கேக்குறாங்கண்ணே."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்கச் சொல்லு ராமையா. என் நாய நான் கொண்டு போயிடுறேன்."

"நா பாத்துக்குறேன். பிஸ்கட்ட வச்சிட்டுப் போங்க. பசியில அலைஞ்சாத்தான ஆளுங்க மேல பாயும்."

நியாயமாகப் பட்டது. மொத்தப் பையையும் கொடுத்தேன். வாளியையும். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 14, வெள்ளி

மழை. ஞாயிறுக்கு இன்னொரு தட்டு போடலாம் என்று ஈரல் எடுத்தேன். சரசு விடவில்லை. "வெள்ளிக்கெழம என் அடுப்புல கவிச்சி வச்சீங்க, நா என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்." ஈரல் ஐஸ்பெட்டிக்குள் போயிற்று.

சனிக்கிழமை டபுள் ஷிப்ட். முதலாளி மனுஷனே இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

நல்ல வெயில்.

விடியுமுன் எழுந்தால், சரசு எனக்கு முன்னால் எழுந்து ஈரலை அரைத்துக்கொண்டிருக்கிறாள். "ஒங்க கையில விட்டா கருக்கிடுவீங்க." என்னுடையதைவிட நன்றாக வந்தது. புது இடம், அழும், கூட இருக்கட்டும் என்று தனிப் பொட்டலம் வேறு.

தோட்டத்தில் சத்தமே இல்லை. பெரட்டுக் களத்தில் என் வாளி. சுற்றிலும் நான் செய்த பிஸ்கட், எறும்பு மொய்த்து. மண்ணைப் புதிதாகத் தள்ளி மூடிய இடம் ஒன்று. கேட்காமலேயே புரிந்தது. இருந்தும் கேட்டேன்.

ராமையா என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெள்ளிக்கெழம துப்பாக்கி ஆளுங்கள அனுப்பிட்டாங்கண்ணே. நாய்ங்கள கூப்புடலேன்னா நீயும் கெளம்புன்னாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"டைகரு?"

"ஒண்ணுகூட ஓடல. எல்லாம் வந்து வரிசையா நின்னுச்சுங்க." பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்து, "தின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சுண்ணே."

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் நகரவில்லை, தலையைக் குனிந்து கொடுத்தான். இறக்கிவிட்டேன். அவனை அடித்து என்ன? கூப்பிடச் சொல்லிக் கொடுத்தது யார், பிஸ்கட் யாருடையது? காட்டிலேயே பதுங்கிக் கிடக்க விட்டிருந்தால் ஒன்றிரண்டாவது தப்பியிருக்கும். பட்டினியாகவாவது.

ஆ செங் லோரி சொன்னபடி வந்தது. கயிறு, தண்ணீர் வைக்கப் புதுச் சட்டி. "மானா அஞ்சிங்?" நாய் எங்கே என்கிறான். இல்லை என்று கையை ஆட்டினேன். ஒரு சிகரெட் கொடுத்தான். பத்து வருஷத்துக்கு முன் விட்ட பழக்கம். குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் சரசு வாசலிலேயே நிற்கிறாள். "அந்த ஆளு வீடு புடிச்சிச்சா அதுக்கு?"

"புடிச்சிச்சு."

"பிஸ்கட்டு தின்னுச்சா?"

தின்றது என்றேன். அடுத்த வாரம் அவளும் பார்க்க வருகிறாளாம்.