63-ஆம் இடத்தின் விளக்கு

மார்ச் 5, திங்கள்

63-ஆம் எண் இடத்தில் மூன்று சந்தை இரவுகளாக விளக்கு எரியவில்லை. இரவுச் சந்தையின் மேலாளர் ஹுவாங் இன்று மாலை 4.10-க்குத் தொலைபேசியில் உறுதிசெய்தார். நாலாவது முறையும் எரியாவிட்டால் இடம் நிரந்தரமாகக் குலுக்கலுக்குப் போகும்.

அது என் மனைவி யூ-ச்சினின் இடம். இருபத்திரண்டு வருடமாக அங்கே சிப்பி ஆம்லெட் போடுகிறாள். போன திங்கள் காலை சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு.

மருத்துவச் சான்றிதழ் தருகிறேன் என்றேன். "சான்றிதழ் எல்லார்கிட்டயும் இருக்கு தெங் அண்ணே. அவங்க இல்லன்னா வீட்டுக்காரர் உக்காரலாம். ஆறுலேர்ந்து ஒம்போது வரைக்கும் விளக்கு எரிஞ்சா கடை தொறந்த மாதிரி. நீங்க விக்கிறீங்களா தூங்குறீங்களான்னு நான் பாக்க மாட்டேன்."

ஆறு முதல் ஒன்பது வரை நான் நிருபராக இருக்கும் பத்திரிகையில் மறுநாள் பக்கங்கள் முடிகிற நேரம். முப்பத்தொரு வருடமாக. அவள் கடையில் நான் எத்தனை முறை சாப்பிட்டிருப்பேன்? நாலு? ஐந்து? உறுதியில்லை.

அழுகை வரவில்லை. பசியும்.

மார்ச் 7, புதன்

விடுப்பு சொல்லிவிட்டு ஐந்தரைக்கே போனேன். பகலில் வண்டிகள் நிறுத்தும் வெறும் மைதானம் அது. புதன், வெள்ளி, ஞாயிறு மட்டும் சந்தை. இடமில்லாத வியாபாரிகள் வாசலில் வண்டியோடு நின்றார்கள். அன்று வராதவர்களின் இடங்களுக்கு ஹுவாங் வாளியிலிருந்து பந்து எடுத்து எண் சொல்கிறார். எண் வந்தவர் ஓடுகிறார். எண் வராதவர் வீட்டுக்குப் போகிறார்.

ஒருத்தி போகவில்லை. காலுறை விற்கும் காங். நாற்பது வயது இருக்கும். அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு 63-க்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் சுவிட்சைப் போட்டேன். விளக்கையும் என்னையும் பார்த்தாள். "வந்துட்டீங்களா" என்றாள். போய்விட்டாள்.

இரண்டு வருடமாக இடத்துக்கு அலைகிறாளாம். இந்த விளக்கு எப்போது அணையும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் போல. குற்றம் சொல்ல முடியாது.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆம்லெட் கல்லைப் பற்றவைக்கவில்லை.

மார்ச் 9, வெள்ளி

யூ-ச்சினுக்கு இடது பக்கம் அசைவில்லை. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். கண் திறக்கிறாள். என்னைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. தாதி சொன்னாள்: "கால் சில்லுனு இருக்கு, சாக்ஸ் கொண்டாங்க."

காங்குக்கு இன்று எண் விழுந்து, வாசலருகே கடை போட்டிருந்தாள். மூன்று ஜோடி நூறு யுவான்.

"நாலு ஜோடி கொடு" என்றேன்.

"அண்ணே, சந்தையில விளக்குப் போட்டு உக்காந்திருக்கிற ஆளு இன்னொரு கடையில பேரம் பேசலாமா? பேப்பர்ல வந்தா அசிங்கம்."

"நான்தான் பேப்பர்."

"அப்ப மூணே மூணுதான்." பிறகு, "சைஸ் என்ன?"

ஒரு ஜோடியின் சீட்டைத் திருப்பிப் படித்தேன். அவளே எடுத்தாள். "அக்காவுக்கு இருபத்தி மூணு. கெண்டைக்கால்ல இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அவங்களுக்கு ஆகாது." நாலு ஜோடி இருந்தது பையில்.

மார்ச் 11, ஞாயிறு

மழை. விளக்கு எரிந்தது.

மார்ச் 14, புதன்

பக்கத்து இடம் ஆ-லியாங்குடையது. கரியில் வாட்டும் சாசேஜ். வாங்க வருகிறவரோடு கிண்ணத்தில் பகடை உருட்டுவான். அவன் தோற்றால் ஒன்றுக்கு இரண்டு. "சும்மா உக்காந்து என் யாவாரத்துக்குத் திருஷ்டி கழிக்கிறீங்களே, வாங்க, ஒரு உருட்டு" என்றான். நான்கு முறை ஜெயித்தேன். கூட்டம் கைதட்டியது. எட்டு சாசேஜ். ஒன்றைக் கடித்தேன், பூண்டோடு. ருசி எதுவும் தெரியவில்லை. மீதியை அவனிடமே கொடுத்தேன்.

"ஜெயிச்சவன் மூஞ்சியா இது? தோத்த நான் சிரிக்கிறேன், நீங்க தேர்தல் முடிவு படிக்கிற மாதிரி நிக்கிறீங்க!"

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி: "சிப்பியக்கா எங்க?" பதில் சொல்லி அலுத்துப்போய், கல்லைப் பற்றவைத்தேன். சிப்பியும் கீரையும் ஆ-லியாங் எங்கிருந்தோ கொண்டுவந்தான். சர்க்கரைவள்ளி மாவுக் கரைசல், மேலே முட்டை. திருப்பும்போது மூன்றாக உடைந்தது.

"அண்ணே, இது ஆம்லெட்டா, விபத்துச் செய்தியா?"

மூன்று போட்டேன். தட்டைக் கரண்டி இரும்பு; நான் நினைத்ததைவிடக் கனம். மூன்றாவதில் மணிக்கட்டு கடுத்தது. அக்கா ஒரு ராத்திரியில் இருநூறு போடுவார் என்றான் ஆ-லியாங். இருநூறா என்று திரும்பக் கேட்டேன். "இருநூறுக்குக் கொறையாது."

காங் இன்று எண் கிடைக்காமல் எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஒன்பதுக்கு நான் விளக்கை அணைக்கும்வரை.

மார்ச் 16, வெள்ளி

முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மருத்துவர் நேற்று சொன்னார்: நடக்க ஒரு வருடம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். இந்த விளக்கை யாருக்காக எரிக்கிறேன்? ஆறரைக்குக் காங் பெட்டியோடு வந்தபோது சொல்லிவிட்டேன்: "ஞாயித்துக்கெழமையிலேர்ந்து வரமாட்டேன். ஏற்கெனவே மூணு தடவை அணைஞ்சாச்சு, இன்னொரு தடவை அணைஞ்சா குலுக்கல். உனக்கு நல்ல சேதி."

அவள் முகம் வெளுத்தது. பெட்டியைக் கீழே வைத்தாள். "நல்ல சேதியா? யாருண்ணே சொன்னது நல்ல சேதின்னு? வாசல்ல முப்பது பேர் நிக்கிறான். குலுக்கல்ல எனக்கு விழும்னு யார் சொன்னது?"

காலுறைகளுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

சந்தைக் குழுவின் ஒப்படைப்புப் படிவம். 63-ஆம் எண் இடத்தை மார்ச் இறுதியோடு விட்டுவிடுவதாக. பெறுபவர்: காங் மெய்-யுன், காலுறை. தேதி: ஜனவரி 14. கையெழுத்து யூ-ச்சினுடையது. மின்கட்டண உறைமேல் எழுதும் அதே சாய்வு, சந்தேகமில்லை. காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்: கை வலி.

மார்ச் 25 குழுக் கூட்டத்தில் கொடுக்கவேண்டிய தாள். அதுவரை இடம் உயிரோடு இருக்க வேண்டும். குலுக்கலுக்குப் போய்விட்டால் தாள் செல்லாது.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? சுவிட்சைப் போட்டுட்டு கைய மடியில வெச்சிட்டு உக்காந்தீங்க, கோயில்ல உக்காந்த மாதிரி. ஆஸ்பத்திரியில கெடக்கிற அக்காவோட காகிதத்தை நீட்டி எந்திரிங்கன்னு சொல்லவா? வாய் வரல. தெனம் வந்து நின்னது, நீங்க வர்றீங்களான்னு பாக்கத்தான். வந்தாத்தானே என் தாளுக்கு உயிர். அது என் சுயநலம். எழுதிக்கங்க."

ஜனவரி 14 ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் எங்கே இருந்தேன்? பழைய குறிப்பேட்டைப் பார்த்தேன். துறைமுகத் தீ விபத்து. இரவு 11.40-க்கு வீடு. "யூ-ச்சின் தூங்கிவிட்டாள்" என்று எழுதியிருக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம். கடையை விடப்போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. காலுறைக்காரிகிட்ட சொல்லியிருக்கா — சொன்னாளோ? எங்கிட்டயும் சொல்லி, நான்தான் போன்ல யார்கிட்டயோ தீ எத்தனை மணிக்குப் பிடிச்சுதுன்னு கேட்டுக்கிட்டிருந்தேனோ? ஊர்ல எல்லாரையும் கேக்கத் தெரிஞ்சவனுக்கு —

விளக்கு ஒன்பது வரை எரிந்தது.

மார்ச் 18, ஞாயிறு

போனேன். 5.55-க்கு விளக்கு. குலுக்கல் முடிந்து காங் எண் கிடைக்காமல் பெட்டியோடு வந்தாள். இரண்டாவது ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள்.

சொன்னேன்: "இது ஜனவரியில சொன்னது. இப்பவும் அதேதானான்னு அவகிட்டயே கேக்கணும். சரின்னா வர்ற ஞாயித்துக்கெழமை கூட்டத்துல நானே பக்கத்துல நிக்கிறேன்."

"வேணாம்னு சொல்லிட்டா?"

"அப்ப வேணாம்தான்."

காங் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "சரி. ஆனா தாளை நீங்க கிழிக்கக் கூடாது. அக்கா கையால கிழிக்கட்டும்."

"ரெண்டு பேரும் இடத்தப் பங்கு பிரிக்கிறீங்களா, இல்ல கல்யாணம் பேசுறீங்களா?" என்று ஆ-லியாங் புகைக்குள்ளிருந்து கத்தினான். காங் ஒரு காலுறையைச் சுருட்டி அவன்மேல் எறிந்தாள்.

மார்ச் 20, செவ்வாய்

கண் இமைப்பால் பதில் வாங்கப் பார்த்தேன். ஆமென்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. தாதி தடுத்தாள்: "இப்ப அதை நம்பாதீங்க. வெளிச்சம் பட்டாலே இமைக்கிறாங்க." சரி. இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

காலுறை பொருந்தியிருக்கிறது. இருபத்தி மூன்று.

மார்ச் 21, புதன்

விளக்கு 5.52. கல்லின் முன்கம்பியில் காங்கின் காலுறைகள் தொங்கின. ஒருவர் பெயரிலுள்ள இடத்தில் இன்னொருவர் விற்கக் கூடாது என்பது விதி. ஹுவாங் வந்தார், பார்த்தார், மேலே விளக்கு எரிகிறதா என்று மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தார்.

ஆ-லியாங்கிடம் பகடையில் தோற்றேன். ஒரே ஒரு சாசேஜ். பூண்டு காரமாக இருந்தது. மூன்று வாரத்தில் முதல்முறை. குறித்துவைக்கிறேன்.

நிலுவையில் உள்ளவை: குழுக் கூட்டம், 25 ஞாயிறு, பகல் இரண்டு மணி. அதற்கு முன், 23 வெள்ளி காலை பத்து மணிக்குத் தொண்டைக் குழாயை மூடிப் பார்ப்பார்கள். குரல் வரலாம், இரண்டொரு சொல் வரலாம் என்கிறார் மருத்துவர். உறுதி சொல்லவில்லை.

இடத்தைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும்; முதல் கேள்வி கையைப் பற்றி. படிவத்தில் கை வலி என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கை என்று இல்லை. காங்குக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் நான் கேட்கவில்லை.